மலைத் தண்ணீர், கரண்ட், மைனிங் மெஷின்: காசு கட்ட முன் ஒரு வரலாற்றுப் பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் எடுத்து வாசியுங்கள்.

கொஞ்ச நாட்களாக ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. "வெளிநாட்டிலிருந்து கிரிப்டோ மைனிங் மெஷின் இறக்குவோம். ராகலை, உடபுசல்லாவைப் பக்கம் குளிர், மெஷின் சூடாகாது. மலையில் தண்ணீர் இருக்கிறது, கரண்டுக்குப் பஞ்சமில்லை. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தம்பிமார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும்." இப்படிப் போகிறது பேச்சு. எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலரும் "சேர், இது சரிவருமா?" என்று கேட்டார்கள்.

வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் வரலாற்றிலிருந்துதான் பதில் வரும். இந்தக் கேள்விக்குள் இரண்டு வரலாறு இருக்கிறது. ஒன்று எமது மலையின் மின்சாரத்துடையது. மற்றது அந்த மெஷினுடையது.

*மலையின் கரண்ட் யாருக்குப் போனது?*

காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் தண்ணீர் விழுகிற உயரத்தைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. வெள்ளைக்கார அரசாங்கம் உடனே ஏற்கவில்லை. 1924இல் வேலை தொடங்கியது. பணமில்லை என்று இடையில் நின்றது. மறுபடி தொடங்கியது. யுத்தம் வந்தது. கடைசியில் 1950இல்தான் லக்ஷபானவில் முதற்கட்டமாக 25 மெகாவாட் மின்சாரம் பிறந்தது. ஆய்வுரைக்கும் சுவிட்சுக்கும் இடையில் 32 வருடங்கள். அதைக் கண்ணால் காண விமலசுரேந்திர உயிரோடு இருந்தார். 1953இல் காலமானார்.

அதன் பிறகு வரிசையாக வந்தன. 1965இல் அவருடைய பெயரிலேயே ஒரு மின்நிலையம். 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், இரண்டும் 200 மெகாவாட்டுக்குச் சற்று மேல். 1986இல் ரந்தெனிகலை, 1990இல் ரந்தம்பே, 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை. எமது குறுந்து ஓயாவும் பெலிஹுல் ஓயாவும் மகாவலியில்தான் கலக்கின்றன. எமது எல்லையில் ஓடும் உமா ஓயா ரந்தம்பேயில் போய்ச் சேருகிறது. அதாவது வலப்பனையில் பெய்யும் மழை வெகுகாலமாக நாட்டுக்கு விளக்கேற்றுகிறது.

ஆனால் 1950இல் லக்ஷபானக் கம்பி கொழும்பை நோக்கிப் போனபோது, அந்தக் கம்பி தாண்டிச் சென்ற லயன்களில் எரிந்தது குப்பி விளக்கு. அந்த மக்களுக்கு அப்போது குடியுரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பறித்திருந்தது. தொழிற்சாலையில் மெஷின் ஓடும், துரை பங்களாவில் பல்ப் எரியும், லயனில் இருட்டு. பல லயன்களுக்குக் கரண்ட் வர இன்னும் நான்கைந்து தசாப்தங்கள் ஆயின. மலைக் கிராமத்துச் சிங்கள மக்களும், பசாரில் கடை வைத்திருந்த எம்மவர்களும் வருடக்கணக்கில் காத்திருந்துதான் கம்பியைக் கண்டார்கள். மேல் கொத்மலைக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறின. மலை கொடுத்ததற்கும் மலைக்குக் கிடைத்ததற்கும் இடையில் எப்போதும் ஒரு இடைவெளி இருந்திருக்கிறது.

ஆகவே "மலையில் தண்ணீர் இருக்கிறது, கரண்ட் மலிவு" என்பது தவறான கணக்கு. தண்ணீர் எமது மலையில் விழுந்தாலும், கரண்ட் தேசிய வலையமைப்புக்குள் போய், கொழும்பில் தீர்மானிக்கப்படும் விலையோடுதான் எமது வீட்டு மீற்றருக்குத் திரும்பி வருகிறது. 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பிறகு ஏறியும் இறங்கியும் வருகிறது. அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று யாரும் எமக்கு ஒரு ரூபாய் குறைத்ததில்லை.

*மெஷினின் கதை*

பிட்கொயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. ஆரம்பத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மைனிங் செய்தார்கள். மைனிங் என்பது தோண்டுவதல்ல. ஒரு பெரிய கணக்குப் போட்டி. உலகம் முழுக்க எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஊகித்துக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவருக்குப் பரிசு விழும். போட்டியாளர் கூடினால் கணக்கும் கடினமாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அது தானாகவே சரிசெய்யப்படும். பரிசோ ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒரு தடவை பாதியாகும். தொடக்கத்தில் 50 பிட்கொயின். 2024 ஏப்ரலிலிருந்து 3.125.

கம்ப்யூட்டருக்குப் பிறகு கேம் விளையாடும் கிராபிக்ஸ் கார்டுகள் வந்தன. 2013இலிருந்து இந்த ஒரு வேலைக்கென்றே செய்த 'ஏசிக்' சிப் மெஷின்கள் வந்தன. அவற்றால் வேறு ஒரு வேலையும் செய்ய முடியாது. பிள்ளைக்குப் படிக்கக் கொடுக்கவும் முடியாது. சீனாவின் பிட்மெயின் கம்பனி 2016இல் விற்ற எஸ்9, ஏறத்தாழ 1.3 கிலோவாட் எடுத்தது. 2020இல் வந்த எஸ்19 ப்ரோ அதைவிட எட்டு மடங்கு வேகம். கரண்டோ இரண்டரை மடங்குதான். அந்த நாளோடு எஸ்9 வைத்திருந்தவரின் நிலைமை என்ன என்று நீங்களே யோசியுங்கள்.

இங்கேதான் டெலிவரிப் பிரச்சினை வருகிறது. அமெரிக்காவில் பட்டர்ஃப்ளை லாப்ஸ் என்றொரு கம்பனி, 2012இலிருந்து மெஷினுக்கு முற்பணம் வாங்கியது. விலை 149 டொலரிலிருந்து 29,899 டொலர் வரை. சொன்ன திகதிக்கு மெஷின் வரவில்லை. 2013 செப்டெம்பரில் 20,000க்கு மேற்பட்டோர் முழுக் காசும் கட்டிவிட்டு வெறுங்கையோடு இருந்தார்கள் என்பது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2014இல் ஆணைக்குழு வழக்குப் போட்டது. 2016இல் அது இணக்கத்தில் முடிந்தது. தாமதமாகக் கிடைத்தவர்களுக்கும் பயன் குறைவு. மெஷின் வந்து சேரும்போது கணக்கு கடினமாகிவிட்டது. அதைவிட வேகமான மெஷின் சந்தைக்கு வந்துவிட்டது.

லக்ஷபான 32 வருடம் தாமதமானது. ஆனாலும் வந்த பிறகு எழுபது வருடத்துக்கு மேலாகக் கரண்ட் தருகிறது. மைனிங் மெஷின் ஆறு மாதம் தாமதமானாலே அதன் ஆயுளில் நல்ல பகுதி போய்விடும். சீனாவில் ஓடர் போட்டு, கப்பலில் வந்து, சுங்கத்தில் நின்று, வரி கட்டி, கொழும்பிலிருந்து லொறியில் ஏறி வலப்பனைக்கு வந்து சேரும் ஒவ்வொரு வாரமும் நட்டக் கணக்குத்தான். பழுதானால் திருத்த யாரிடம் கொண்டுபோவது?

மார்க்கம் இதில் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. முழு விலையும் முன்கூட்டியே கொடுத்துப் பொருளைப் பிறகு பெறும் வியாபாரத்துக்கு 'ஸலம்' என்று பெயர். அது கூடும், ஆனால் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் காலம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். "எப்போதாவது வரும்" என்பது ஸலம் ஆகாது. கிரிப்டோ கூடுமா கூடாதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தோனேசிய உலமா சபை 2021இல் நாணயமாக அதைப் பயன்படுத்துவது ஹராம் என்றது. தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. உலமாக்களிடம் கேளுங்கள். கேட்கும்போது முற்பண விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

*ஒரு சின்னக் கணக்கு*

எஸ்19 ப்ரோ 3.25 கிலோவாட் எடுக்கும். நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 78 யூனிட். 30 நாளுக்கு 2,340 யூனிட். மாதம் 60 யூனிட் பாவிக்கும் ஒரு வீட்டோடு ஒப்பிட்டால், ஒரு மெஷின் 39 வீடுகளின் கரண்டை எடுக்கிறது. ஒரு முழு லயன் வரிசையைவிட அதிகம்.

230 வோல்ட்டில் அது 14 அம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு 13 அம்பியர் பிளக்கின் அளவை அது தாண்டிவிடும். சாதாரண 30 அம்பியர் இணைப்பில் இரண்டு மெஷின் போட்டால் அதோடு சரி. கேத்தல் போடவும் இடமில்லை. எடுக்கும் கரண்ட் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். விசிறிச் சத்தம் இரவு பகலாகக் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படித் தூங்கும், எப்படிப் படிக்கும்? மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால், அந்த நேரத்துப் போட்டியும் போனதுதான். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் என்பதையும், வீட்டுக் கட்டணப் பிரிவில் வியாபாரம் ஓட்ட முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1950இல் லக்ஷபான தந்த முழு 25 மெகாவாட்டையும் முடிக்க இப்படியான 7,700 மெஷின் போதும். உலகில் பெரிய பண்ணைகள் இதைவிடப் பல மடங்கு. பிட்கொயின் வலையமைப்பு வருடத்துக்கு 100 பில்லியன் யூனிட்டுக்கு மேல் எடுக்கிறது. இலங்கை முழுவதும் ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வது ஏறத்தாழ 16 பில்லியன்.

*மற்ற நாடுகளில் நடந்தது*

சீனாவின் சிச்சுவான் மாகாணம் எம்மைப் போல மலையும் ஆறும் உள்ள இடம். மழைக்காலத்தில் மிஞ்சும் நீர்மின்சாரத்துக்காக லொறி லொறியாக மெஷின்களை ஏற்றி வருவார்கள். வறட்சியில் வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோவார்கள். 2021இல் சீன அரசு மைனிங்கையே தடைசெய்தது. மெஷின்கள் கஸகஸ்தானுக்குப் போயின. அங்கே கரண்ட் தட்டுப்பாடு வந்தது. கொசோவோ 2022 ஜனவரியில் தடைபோட்டது. எமது உமா ஓயாத் திட்டத்தைக் கட்டிய ஈரானும் 2019இல் அனுமதி கொடுத்துவிட்டு, 2021 மே மாதம் நகரங்கள் இருளில் மூழ்கியபோது நான்கு மாதத்துக்குத் தடுத்து நிறுத்தியது.

பூட்டானில் மட்டும் கதை வேறு. அங்கே அரசின் முதலீட்டு நிறுவனமே நீர்மின்சாரத்தில் மைனிங் செய்கிறது. அணையும் நாட்டுடையது, மெஷினும் நாட்டுடையது, கிடைக்கும் காசும் திறைசேரிக்கு. கோடையில் மிஞ்சும் கரண்டும் இருக்கிறது. இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட எமது வாட்ஸ்அப் திட்டத்தில் இல்லை.

எமது நாட்டிலும் இந்த யோசனை வந்தது. 2021 ஒக்டோபரில் டிஜிட்டல் வங்கி, பிளாக்செயின், கிரிப்டோ மைனிங் பற்றி ஆராயக் குழு அமைக்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஆறு மாதம் போகவில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவு, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. எமது பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்த நாட்கள் அவை. மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய வருடங்களில் கிரிப்டோ பற்றிப் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. அதற்காக இங்குள்ள வங்கி கார்ட்டால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதியில்லை என்றும் சொல்லியிருக்கிறது. ஏமாந்தால் காசைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதுதான் இதன் அர்த்தம்.

*காசு கேட்பவரிடம் இதைக் கேளுங்கள்*

தொழில்நுட்பத்துக்கு நாங்கள் எதிரானவர்கள் அல்ல. புரோகிராமிங் படியுங்கள், எலெக்ட்ரோனிக்ஸ் படியுங்கள், சோலார் பற்றிப் படியுங்கள். விமலசுரேந்திர பார்த்தது போல எமது ஆற்றைப் பார்க்கிற ஒரு பொறியியலாளர் வலப்பனையிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் பாலைவன வெயிலில் உழைத்த காசைக் கேட்டு யாராவது வந்தால், ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. மெஷின் எந்தத் திகதிக்கு வரும்? அந்தத் திகதி தவறினால் காசு திரும்புமா? எழுத்தில் தருவாரா?
2. புதியதா, வேறு நாட்டில் ஓடித் தேய்ந்ததா? எந்த வருட மொடல்?
3. எந்த மீற்றரில், எந்தக் கட்டணப் பிரிவில் ஓடும்? மாத பில் யார் பெயரில் வரும்?
4. மின்வெட்டு வந்தால், விலை விழுந்தால், நட்டம் யாருக்கு?
5. கிடைக்கும் கொயின் யாருடைய கணக்கில் இருக்கும்? அதன் இரகசியச் சாவி யார் கையில்?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் காசு சட்டைப் பையிலேயே இருக்கட்டும். இந்தப் பதிவை வெளிநாட்டில் இருக்கும் எமது பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். காசு அனுப்பச் சொல்லி முதலில் கோல் வருவது அவர்களுக்குத்தான்.