கண்டுபிடித்தது யார்?

நீலகிரியைக் 'கண்டுபிடித்தவர்' சல்லிவன் என்று பள்ளியில் படித்தோம். பட்டம் பெற்றபின் அதையே மாணவர்க்குப் பாடமாகச் சொல்லவும் வந்துவிட்டோம். வகுப்பறைச் சுவரில் மாவட்டப் படத்தை மாட்டி, ஊர்ப்பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனபோதுதான் ஐயம் பிறந்தது, தோழர்களே! ஆளில்லா மலைக்கு இத்தனை பெயர்களை இட்டவர் யார்?

கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819-ல். ஏழாண்டு முன்பே, 1812-ல், நில அளவையாளர் வில்லியம் கீஸ் அங்கே சென்று திரும்பினார். அவருக்கும் இருநூறாண்டு முன்னர், 1603-ல், மலையாளக் கரையிலிருந்து ஃபெனிசியோ என்ற பாதிரியார் ஏறிச்சென்று தோடர்களைக் கண்டு பேசியிருக்கிறார். எருமை மேய்த்த தோடரும், பானையும் இரும்புக்கருவியும் செய்த கோத்தரும், உழுதுண்ட படகரும் என்ன, மேகத்திலா குடியிருந்தார்கள்?

தோடர் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். ஒற்றைக்கல் மந்து என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்பர். 'உதகம்' வடமொழியில் நீர் அல்லவா, ஏரியால் வந்த பெயர் என்று சாதிப்போரும் உண்டு. அந்த ஏரியோ 1823-க்குப் பிறகு சல்லிவன் வெட்டுவித்தது! 1821-லேயே சென்னைச் செய்தித்தாளொன்றில் 'வோட்டோக்கிமந்து' என அச்சேறிவிட்டது. ஏரிக்கு முன்னே பெயர் பிறந்த விந்தையை என்னென்பது! ஜெகதளாவை அடுத்துப் படைவீடு எழுந்தது. அவ்விடம் வெல்லிங்டன் ஆயிற்று.

பெயர் மாற்றத்தினும் கொடியது ஒன்றுண்டு. ஏர் படாத புல்வெளியை ஆட்சியாளர் தரிசு என்று எழுதினர். எருமைக்கோ அது உணவு. புல்வெளியும், அதன் மடிப்புகளில் அடர்ந்த சோலையும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு விடுகின்றன. தரிசென்று தாளில் எழுதியபின் தைலமரமும் சீகையும் தேயிலையும் ஏறுவதைத் தடுப்பார் யார்? இங்கே சல்லிவனுக்கு நீதி செய்தாக வேண்டும். நிலம் தோடர்க்கே உரியது என்று வாதாடியவர் அவரே! மேலிடம் ஏற்கவில்லை, மேய்க்க உரிமை உண்டு, நிலத்தில் உரிமை இல்லை என்றே முடிந்தது.

உதகைக்குச் செல்வோர் கையிலுள்ள படத்தில் 1848-ல் அமைந்த தாவரவியல் பூங்கா பெரிதாய்த் தெரியும். பூங்காவுக்கு மேலே, மலைச்சரிவில், தோடர் மந்து ஒன்று இன்றும் இருக்கிறது. நம் வகுப்புச் சுவர்ப்படத்தில் அது இல்லை. மாணவர்கள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள்.