பேசும் பூட்ஸ்: பனிமலையிலிருந்து கொல்லிமலை வரை

செம்மேட்டிலிருந்து பேசுகிறேன். இன்னைக்கு எபிசோட் பனிச்சறுக்கு பற்றி. "கொல்லிமலையில உட்கார்ந்துக்கிட்டு பனிச்சறுக்கா?" என்று நீங்க கேட்பது காதில் விழுது. காரணம் இருக்கு. கொஞ்சம் பொறுங்க, பத்து நிமிஷத்தில் இந்த மலைக்கே வந்துடுவோம்.

முதலில் கருவி. 2016-இல் லண்டனில் ஒரு சின்ன குழு கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி 'கார்வ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டை. அதில் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள், கூடவே அசைவை அளக்கும் சென்சார்கள். தகவல் ப்ளூடூத் வழியாக போனுக்குப் போகும். போன் கணக்குப் போட்டு இயர்போனில் பேசும்: எடை எந்தக் காலில் இருக்கு, முன்பக்கமா பின்பக்கமா, அடுத்த வளைவில் எதை மாற்றணும் என்று. மலையிலிருந்து இறங்க இறங்கவே கோச்சிங்.

பாதத்தை ஏன் அளக்கணும்? நம்ம ஊர் பஸ்ஸை வைத்தே புரிஞ்சுக்கலாம். காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு. நின்றுகொண்டு வந்தால், ஒவ்வொரு வளைவிலும் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். நீங்க யோசிக்காமலே வெளிப்பக்கக் காலை அழுத்தி ஊன்றுவீங்க. பனிச்சறுக்கிலும் அதே இயற்பியல்தான். இடது பக்கம் திரும்பும்போது வலது கால்தான் சுமையைத் தாங்கணும். ஆனால் புதுசா கற்றுக்கொள்பவர் சரிவைப் பார்த்து பயந்து பின்னால் சாய்வார். எடை குதிகாலுக்குப் போயிடும். பலகையின் முன்முனை லேசாகி, திருப்பினாலும் திரும்பாது. தூரத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கு உடம்பு தெரியும். பூட்ஸுக்குள் பாதம் என்ன செய்யுது என்று தெரியாது. அந்த இடைவெளியைத்தான் சென்சார் நிரப்புது.

செருப்பில் சென்சார் வைப்பது புது யோசனை இல்லை. 1870-களின் தொடக்கத்திலேயே பாரிஸில் எத்தியேன்-ஜூல் மாரேயும் அவரோடு வேலை செய்த காஸ்தோன் கார்லேவும் அடியில் காற்றறை வைத்த காலணிகளைச் செய்தார்கள். கால் தரையைத் தொட்டால் காற்று குழாய் வழியாகத் தள்ளப்பட்டு, சுழலும் காகிதத்தில் ஒரு கோடு போடும். மனித நடை முதன்முறையாக வரைபடமானது அப்படித்தான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தது ஆராய்ச்சியாளர். நடப்பவருக்கே உடனுக்குடன், காது வழியாகத் திருப்பிச் சொல்வது அடுத்த கட்டம். அதை முயன்று பார்த்தவர்களில் ஒருவர் கொல்லிமலையில் வளர்ந்தவர். அவர் பெயர் பால் பிராண்ட்.

பால் பிராண்ட் பிறந்தது 1914-இல். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் லண்டனிலிருந்து வந்த மிஷனரிகள். செம்மேட்டை ஒட்டிய வாழவந்தி நாட்டுப் பகுதியில் வீடு கட்டி, மருந்து கொடுத்து, பள்ளிக்கூடம் நடத்தி வாழ்ந்தார்கள். சின்ன பால் செருப்பில்லாமல் இந்த மலையில் ஓடி வளர்ந்த பையன். 1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929-இல் அப்பா இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். பால் முதலில் சில வருடம் கட்டட வேலை கற்றார், அப்புறம் மருத்துவம். 1946-இல் வேலூர் சி.எம்.சி-க்கு அறுவை சிகிச்சை மருத்துவராகத் திரும்பி வந்தார்.

வந்த கொஞ்ச நாளில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போகிறார். விரல்கள் மடங்கி, குட்டையாகி, பாதம் முழுக்கப் புண். அன்றைக்குப் பலருடைய நம்பிக்கை என்ன? தொழுநோய் வந்தால் சதையே அழுகி விரல் உதிரும் என்பது. பிராண்டுக்குச் சந்தேகம் வந்தது. அவர் பின்னாளில் எழுதிய ஒரு சம்பவம் சொல்றேன். துருப்பிடித்த ஒரு பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. ஒல்லியான நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைச் சட்டென்று திருப்பிவிட்டான். கையைப் பார்த்தால் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருக்கு. பையனுக்குத் தெரியவே இல்லை.

அங்கேதான் விடை. கிருமி நரம்பைத் தாக்குது. நரம்பு போனால் வலி போயிடும். விரலையும் பாதத்தையும் அழிப்பது பெரும்பாலும் வலி தெரியாமல் தினமும் நடக்கும் சின்னச் சின்னக் காயங்கள். சதையில் கோளாறில்லை, பாதுகாத்தால் சாதாரணமாக ஆறும். இதைப் பிராண்டும் வேலூர்க் குழுவும் நிறுவிக் காட்டினார்கள். செயலிழந்த கைகளை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். வேலூர் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையம் இந்த வேலைக்குப் பெரிய களமானது.

ஆனால் பாதம் பெரிய சிக்கல். கையை ஓய்வாக வைக்கலாம், காலை எப்படி? நம்ம நடையைக் கவனிச்சுப் பாருங்க. நாலு கிலோமீட்டர் நடந்ததும் கால் லேசாக வலிக்கும். உடனே, நமக்கே தெரியாமல், எடையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் மாற்றுவோம், அடியைச் சுருக்குவோம். கல் குத்தினால் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் நம்ம உடம்போட கோச்சிங் சிஸ்டம். வலி தெரியாதவர் நொண்ட மாட்டார். முதல் அடியை எப்படி வைத்தாரோ, பத்தாயிரமாவது அடியையும் அதே இடத்தில் அப்படியே வைப்பார். தோல் அங்கே கிழியும்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலிருந்த தேசிய தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். (கார்வ், கார்வில்: பெயர் ஒற்றுமை தற்செயல்தான்!) அங்கே பொறியாளர்களோடு சேர்ந்தார். 1969-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை: உணர்விழந்த கை கால்களுக்கான அழுத்தம் அறியும் கருவிகள் பற்றி. அவர்கள் முயன்றதில் ஒன்று, சாயம் நிரப்பிய நுண்குமிழ்கள் உள்ள காலுறை. அழுத்தம் அதிகமான இடத்தில் குமிழ் உடைந்து நிறம் மாறும். எலிகளின் பாதங்களில் செய்த சோதனைகள் இன்னொரு உண்மையைச் சொன்னது: ஒரே ஒரு பெரிய அடி மட்டும் ஆபத்து இல்லை; மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழுந்தாலும் திசு வீங்கி, சூடாகி, புண்ணாகும்.

அடுத்து, நம்ம கதையின் மையம். பிராண்டுக்கு ஒரு கனவு: செயற்கை வலி. கையுறையிலும் காலுறையிலும் சென்சார் வைத்து, காது கேளாதோர் கருவி வழியாக ஒலி அனுப்புவது. சாதாரண அழுத்தத்துக்கு மெல்லிய ரீங்காரம். ஆபத்து வந்தால் உரத்த சத்தம். சென்சார், கணக்கு, காதில் ஒலி. இன்றைய பனிச்சறுக்கு கோச்சின் கட்டமைப்பும் இதேதான் இல்லையா?

சென்சார்கள் அடிக்கடி கெட்டுப்போயின. ஆனால் திட்டத்தைக் கவிழ்த்தது அது மட்டுமில்லை. சத்தம் வந்தது, நோயாளிகள் கேட்டார்கள், கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருப்பும்போது காதில் அலறும். "இது எப்பவும் இப்படித்தான் கத்தும்" என்று விட்டுவிடுவார்கள். விளக்கு மினுக்கிப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில், உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அது உண்மையிலேயே வலித்தது. என்ன ஆச்சு? கஷ்டமான வேலை வரும்போது சுவிட்சை அணைத்து, வேலையை முடித்து, திரும்ப போட்டுக்கொண்டார்கள். சில வருட உழைப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. பிராண்ட் எடுத்துக்கொண்ட பாடம்: வலி வேலை செய்வதற்குக் காரணம், அதை அணைக்கும் சுவிட்ச் நம்ம கையில் இல்லாததுதான்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது நல்லாவே புரியும். ஆன்-கால் வாரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் முதல் அலர்ட்டுக்குத் துள்ளி எழுவோம். நாற்பதாவது அலர்ட்டை மியூட் பண்ணுவோம். தகவல் சரியாக இருந்தாலும் அது மட்டும் மனிதரை அசைக்காது.

அப்படின்னா பனிச்சறுக்கில் அதே யோசனை ஏன் விற்குது? நான் பார்க்கிற பதில் இது. சறுக்குபவருக்குப் பாதத்தில் உணர்வு இருக்கு. "வெளிக்காலில் எடை போடு" என்று காது சொன்னதும், அடுத்த வளைவில் அவர் அதைப் பாதத்திலேயே உணர்வார். சரியாகச் செய்தால் பலகை திரும்பும். தவறினால் பனியில் விழுவார். குரல் அவருக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு புலனைச் சுட்டிக்காட்டுது, அவ்வளவுதான். நாலு நாளில் குரல் இல்லாமலும் செய்வார். செய்யணும். 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அசைவுப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது சொன்னதும் அதுதான்: ஒவ்வொரு முறையும் பின்னூட்டம் கொடுத்தால் பயிற்சியின்போது நல்லா வரும், பின்னூட்டத்தை எடுத்தால் தடுமாறும், அது ஊன்றுகோலாகிவிடும். பிராண்டின் நோயாளிகளிடம் குரல் சுட்டிக்காட்ட எதிர்முனையில் உணர்வே இல்லை. அவர்களுக்கு அது யாரோ ஒருவர் சொல்லும் அறிவுரை.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன? உங்க வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருக்காங்களா? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். நாள்பட்ட சர்க்கரை கால் நரம்பைக் கெடுத்து இதே மௌனத்தைக் கொண்டுவரும். செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்தில் நடந்தால் பாதம் கொப்பளிப்பது தெரியாது. புண் ஆழமான பிறகுதான் ஆஸ்பத்திரி. சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வரும்.

பிராண்டின் கனவுக்கு இங்கே ஒரு இரண்டாம் பாகம் உண்டு. 2019-இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று வந்தது. முன்பு பாதப்புண் வந்த சர்க்கரை நோயாளிகளுக்குச் சென்சார் வைத்த உள்ளங்கால் அட்டை, எச்சரிக்கை வர ஒரு ஸ்மார்ட் வாட்ச். ஒரு குழுவுக்கு மட்டும் எச்சரிக்கை போனது. 18 மாதம் பார்த்ததில், எச்சரிக்கை பெற்றவர்களிடம் புண் மறுபடி வருவது 71 சதவீதம் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனால் கவனிங்க: இந்தக் கருவி ஒவ்வொரு அடிக்கும் கத்தவில்லை. கடந்த சில நிமிடங்களில் ஒரே இடத்தில் சேர்ந்த அழுத்தத்தைக் கணக்கிட்டு, கொஞ்சம் நடங்க அல்லது காலை எடுத்து வையுங்க என்பது போலச் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொன்னது. எலிப் பாதங்கள் கற்றுக்கொடுத்த பாடமும், குறைவாகப் பேசும் பாடமும் சேர்ந்தது. தினமும் அதிக நேரம் அணிந்தவர்களுக்கே பலனும் அதிகம். கடைசியில் எல்லாம் மனிதர் ஒத்துழைப்பதில்தான் நிற்குது.

ஆனா என்னை அதிகம் பாதித்தது, பேசாத தீர்வுகள். வேலூர்-கரிகிரி வட்டாரத்தில் பிராண்டும் சக ஊழியர்களும் நுண்ணறை ரப்பரால் செருப்பு செய்ய வைத்தார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் 'எம்.சி.ஆர் செருப்பு' என்று கேட்டால் தெரியும். மென்மையான அந்த ரப்பர் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும். பேட்டரி வேண்டாம், காதில் சத்தம் வேண்டாம், நோயாளி முடிவெடுக்கவும் வேண்டாம், போட்டுக்கொண்டாலே போதும். இன்னொன்று, மருத்துவர் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் சின்ன நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற அளவுகோலுக்கு அடிப்படையான ஆய்வு 1986-இல் வந்தது, அதே கார்வில் மருத்துவமனையிலிருந்து. மூன்றாவது, செலவே இல்லாதது: தினமும் கண்ணால் பாதத்தைப் பார்ப்பது. காலால் உணர முடியாததைக் கண் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

கார்வ் நிறுவனமும் 2024-இல் வந்த அடுத்த மாடலில் பாதத்துக்கு அடியில் வைக்கும் அட்டையை விட்டுவிட்டு, பூட்ஸின் வெளியே மாட்டும் சென்சாருக்கு மாறியது. பாதத்துக்கு அடியில் ஒரு கருவியை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிராண்டின் பொறியாளர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பிராண்ட் 2003-இல் இறந்தார். இந்த எபிசோட் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அப்பாவோ, பாட்டியோ, அத்தையோ இருந்தால், இன்னைக்கு ராத்திரி அவங்க ரெண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்க. விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம். சிவப்பு, கொப்புளம், ஆணி, வெடிப்பு ஏதாவது இருந்தா, "வலிக்கலையே" என்று அவங்க சொல்வதை நம்பி விட்டுடாதீங்க. டாக்டரிடம் கூட்டிப்போங்க. அவங்க செருப்பையும் தலைகீழா ஒரு தட்டு தட்டிப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.