குவளைக்குள் வாழ்ந்த பாட்டி

கண்ணாடித் தொட்டியில் கடலனிமனி வளர்ப்பது இண்டைக்கு நேற்று வந்த ஆசை இல்லை. 1828இல் ஸ்கொட்லாந்தின் நோர்த் பெரிக் கரையில், ஜோன் கிரஹாம் டலியெல் என்ற இயற்கையியலாளர் ஒரு கடலனிமனியை எடுத்து வந்து கண்ணாடிக் குவளையில் விட்டார். 1851இல் அவர் இறந்துபோனார். அனிமனி சாகவில்லை. கைமாறிக் கைமாறி 1887 வரை, 59 வருஷம் குவளைக்குள்ளேயே வாழ்ந்தது. அதற்கு 'கிரானி', அதாவது பாட்டி எண்டு பேரும் வைத்தார்கள். பம்பும் இல்லை, விசேட விளக்கும் இல்லை. அடிக்கடி மாற்றிய கடல்நீர், அளவான சாப்பாடு, பொறுமையான ஆட்கள். அவ்வளவுதான்.

அந்தப் பொறுமை எல்லாருக்கும் வரவில்லை. 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி வரி நீங்கியது, ரயில் கடற்கரையைக் கிட்டக் கொண்டுவந்தது. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் 'த அக்வேரியம்' என்ற நூலை எழுதினார். வீட்டுக்கு வீடு தொட்டி வந்தது. சனம் கூடையும் உளியுமாகக் கரைக்கு இறங்கியது. கொஸ்ஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய நினைவுநூலில், பாறைக் குட்டைகள் வெறுமையாகிப்போனதையும், தன் புத்தகங்களே அதற்குக் காரணமானதை உணர்ந்து தகப்பன் மனம் நொந்ததையும் பதிவு செய்திருக்கிறார். கடலை நேசித்த மனுசனின் எழுத்தே கரையைக் காலியாக்கியது.

இண்டைக்குத் தொட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் வெப்பக்கடல் அனிமனிகள். பாட்டியைப் போல இவை சாப்பாட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை. உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் உணவு செய்து கொடுக்கின்றன. வெளிச்சம் குறைந்தாலோ, தண்ணீர் சூடேறினாலோ, பழுதானாலோ பாசி வெளியேறும், அனிமனி வெளுக்கும். வெள்ளை அனிமனியை வடிவு எண்டு வாங்கினால், நாங்கள் வாங்குவது பட்டினி கிடக்கிற ஓர் உயிரை. கண்ணைப் பறிக்கிற மஞ்சள் சிலவேளை பூசின சாயமாகவும் இருக்கும். 1998இல் ஹிக்கடுவைப் பவளப்பாறைகள் வெளுத்ததும் இதே விதத்தில்தான்: கடல் சூடேற, பவளங்கள் தங்கட பாசியை இழந்தன.

ஆகவே புதுத் தொட்டியில் உடனே அனிமனியை விடக்கூடாது. கழிவில் வரும் அமோனியாவை மாற்றுகிற பக்டீரியா பெருகி, தண்ணீர் நிலைப்பட மாதங்கள் எடுக்கும். வாங்குவதெண்டால் தொட்டியிலேயே பிரிந்து பெருகியதைக் கேட்டு வாங்குவோம். குமிழ்நுனி அனிமனி தானாக இரண்டாகப் பிரியும், அதற்காகப் பாறையில் கைவைக்கத் தேவையில்லை.

எங்கட கடலிலிருந்தும் அலங்கார உயிர்கள் வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போகின்றன. அதனால் கொஸ் பட்ட மனநோவை வேறொரு நாட்டுப் பழங்கதையாக நாங்கள் வாசிக்க முடியாது.