கல்லில் எழுதியவரும் கல்லைத் துடைத்தவரும்

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் அன்று கிறுக்கியவர்களை நாம் போற்றுகின்றோம்; அண்மையில் கிறுக்கியவரைச் சிறையிலிட்டோம். வரலாறு பயில்வோர் இம்முரணை எளிதிற் கடந்து செல்லல் இயலாது.

கி. பி. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அங்கு வந்தோர் சுண்ணச் சாந்தின்மீது கீறிச் சென்ற பாடல்களுள் 685 ஐ வாசித்து, 1956 இல் நூலாக வெளியிட்டார் செனரத் பரணவிதான. பழஞ் சிங்கள மொழியை ஆராய்வோர்க்கு அவை பெருஞ் செல்வமாகும். 1967 இல் விஷமிகள் அக்குன்றின் ஓவியங்கள்மீது பச்சைத் தீந்தை பூசியபோது, இத்தாலியரான லூசியானோ மரான்சி வந்து அதனை அகற்ற உதவினார். 2015 இல் அதே கண்ணாடிச் சுவரில் தம் பெயரைக் கீறிய கிழக்கிலங்கை இளம்பெண் ஒருவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜனாதிபதியின் மன்னிப்பால் அவர் விடுதலையடைந்தார்.

அவ்வாறாயின் கிறுக்கல் எப்போது வரலாறாகின்றது? 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இதற்கொரு நாளையே குறித்தது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட நாள் அது. அதற்கு முந்தியவை புராதனச் சின்னங்கள். பிந்தியவற்றுக்குத் தனிப் பிரகடனம் வேண்டும். எம் முன்னோரோ 1820 களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கெனக் கொணரப்பட்டவர்கள். ஆதலின், அவர்கள் கல்லில் எதை விட்டுச் சென்றிருப்பினும் அஃது எல்லைக்கு இப்புறமே கிடக்கின்றது. இதனைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்திருப்பர் என நான் கருதவில்லை.

இனி, துடைத்தலைப் பற்றி. சிகிரியாச் சுவர் செங்கல்லும் சாந்துமானது. மலைநாட்டுப் பாறையோ இயற்கைக் கல். அதன் வலிமையை நம்பிக் கம்பித் தூரிகையால் தேய்ப்போர், பல்லாண்டுகளாகப் படர்ந்த பாசியையும் கற்பாசியையும் பாறையின் மேற்றோலையும் சேர்த்தே உரித்துவிடுகின்றனர். எஞ்சுவது வெண்தழும்பு. உதிர்ந்த இரும்புத் துகள் பின்னர் துருக்கறையாகும். கரைப்பானை ஊற்றினாலோ தீந்தை இளகிக் கல்லின் நுண்துளைகளுள் இறங்கும். மிகுதி ஓடையிற் கலக்கும். தோலாலும் சுவாசிக்கும் தவளையினங்கள் வாழும் நீரோடைகள் இவை. சிவனொளிபாத மலைக் காடு உள்ளிட்ட மத்திய மலைநாடு 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டதற்கு இத்தகைய உயிர்களும் காரணமாகும். அறிந்தோர், மறைவானதோர் இடத்திற் சிறிது சோதித்த பின்னரே, கரைப்பானைக் களிமண்ணிலோ கடதாசிக் கூழிலோ குழைத்துப் பூசி மூடிவைப்பர்; அது மெல்லத் தீந்தையை உறிஞ்சும். கழுநீரையும் ஏந்தி அகற்றுவர். சிலவிடங்களில் தொடாது விடுதலே நன்று.

இவையெல்லாம் நான் பிந்தியே கற்றவை. கினிகத்தேனையில் எங்கள் தோட்டத்தின் கீழுள்ள ஓடைப் பாறையிற் காதலர் பெயர்கள் தீந்தையால் எழுதப்பட்டிருந்தன. விடுமுறையொன்றில் நண்பர் சிலருடன் கம்பித் தூரிகையும் தின்னருமாகச் சென்று அவற்றை உரசித் தள்ளினேன். நீர் சிவந்தோடியது. தீந்தைக்கடியில் உளியால் வெட்டிய தமிழெழுத்துகள் சில இருந்ததை, அவற்றின் விளிம்புகள் மழுங்கிய பின்னரே கண்டோம். எவர் வெட்டியவை எனத் தோட்டத்து முதியோர் எவருக்கும் தெரியவில்லை. இன்று ‘மு’ என்னும் எழுத்தொன்றே வாசிக்கத்தக்கதாய் உளது.