சப்பாணி கொட்டும் கைகள்



எங்கள் சுங்கை லாலாங் வட்டாரத் தோட்டங்களில் முன்பெல்லாம் பொழுது புலரும் முன்பே பெரட்டு மணி அடித்துவிடும். தாய் பால்மரம் வெட்டப் போவாள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும். அங்கே வரிசையாக ஏணைகள் தொங்கும். ஏணைக் கயிற்றை இழுத்துக்கொண்டே ஆயா பாடுவார். ஏணை போய் வருவதும் பாட்டு ஏறி இறங்குவதும் ஒரே சீராக இருக்கும். அந்த ஆயாவை எவரும் ஆசிரியர் என்று சொன்னதில்லை. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாளத்தின் முதற்பாடம் அங்கேதான் கிடைத்தது. அந்தப் பாடத்தின் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

தாள உணர்வு பாடுகிறவர்களுக்கு மட்டும் வேண்டியதா? இல்லை. கயிறு தாண்டுவதற்கும், எறிந்த பந்தைப் பிடிப்பதற்கும், மற்றவர் பேசி முடித்த நேரம் அறிந்து மறுமொழி சொல்வதற்கும் அது வேண்டும். இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகவும் தம்மைத் தாயாகவும் எண்ணித் தாலாட்டும் செங்கீரையும் சப்பாணியும் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழை இயற்றினார். அதன்பின் பிள்ளைத்தமிழ் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது.

அதிலுள்ள பத்துப் பருவங்களைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. இது ஐந்தாம் மாதம் என்பர். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துத் தாய் பாடுவது தாலாட்டு. இது ஏழாம் அல்லது எட்டாம் மாதத்துக்கு உரியது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. இது ஒன்பதாம் மாதம். பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை கொட்டலும், பெண்பிள்ளைக்கு அம்மானைக் காயை எறிந்து பிடித்தலும் ஊசலாடலும் வருகின்றன. மாதக்கணக்கு நூலுக்கு நூல் சிறிது மாறினாலும் வரிசை ஒன்றுதான். முதலில் உடல் அசைகிறது. பிறகு கை கொட்டுகிறது. அதற்கும் பிறகே கருவியும் விளையாட்டும்.

இக்கால ஆராய்ச்சியாளர் கண்டதும் இதனோடு ஒத்திருப்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும்போது அவர்களுக்குக் கொட்டோசையைக் கேட்கச் செய்தார்கள். முதன்மையான அடி ஒன்றை விட்டுவிட்டால், அந்தக் குறையைக் குழந்தையின் மூளை உணர்ந்தது. இது 2009-இல் வெளிவந்த ஆய்வு. கனடாவில் 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஏழு மாதக் குழந்தைகளை ஒரு கொட்டின் இரண்டாம் அடிக்கொரு முறையோ மூன்றாம் அடிக்கொரு முறையோ தூக்கி ஆட்டினார்கள். தான் எப்படி ஆட்டப்பட்டதோ அந்த நடையையே குழந்தை பின்னர் விரும்பிக் கேட்டது. பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளுக்கு அப்பயன் கிட்டவில்லை. ஆக, தாளம் காது வழியே மட்டும் புகுவதில்லை. மடியின் வழியேயும் புகுகிறது.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டில் ஒரு சிறுவன் இருந்தான். ஒலிப்பெட்டியில் பாட்டுப் போட்டுக் கைதட்டச் சொன்னால் எப்போதும் அவன் கை முந்திக்கொள்ளும். கவனமில்லாத பிள்ளை என்று முடிவு செய்து அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அவன் எதிரே அமர்ந்து, அவன் போக்கிலேயே நாங்கள் கைதட்டினோம். ஓர் அடிகூடப் பிசகவில்லை! சிறு பிள்ளைகளின் இயல்பான நடை விரைவானது. பெரியவர்களின் மெதுவான நடைக்கு இறங்கிவர அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். பொறியோடு கொட்டுவதைவிட எதிரில் உள்ள மனிதரோடு கொட்டும்போது சிறு பிள்ளைகள் தாளத்தோடு நன்றாகப் பொருந்துகிறார்கள் என்று ஜெர்மனியில் செய்த ஓர் ஆய்வும் 2009-இல் காட்டியது. நாங்கள் குறையைப் பிள்ளையிடம் தேடினோம். குறை எங்கள் முறையில் இருந்தது.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பல சுங்கை பட்டாணியின் அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்விட்டன. பாட்டி ஓரிடம், பேரப்பிள்ளை ஓரிடம். அழும் பிள்ளையின் கையில் கைப்பேசி பாடுகிறது. அது இனிமையாகத்தான் பாடும். ஆனால் பிள்ளை விரைந்தால் அது விரையாது. பிள்ளை நின்றால் அது நிற்காது.

ஆலையில் இரவு வேலை, தோட்டத்தில் பகல் வேலை, இதில் எங்கே நேரம் என்று கேட்பீர்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எண்ணெய் தேய்க்கும்போது ஒரே சீராகத் தேய்த்துப் பாடுங்கள். மடியில் வைத்துச் சாய்ந்தாடுங்கள். பிள்ளை கைதட்டினால் அதன் நடைக்கே நீங்களும் தட்டுங்கள். தப்பினால் அதட்ட வேண்டாம். குரல் நன்றாக இல்லையே என்று கூசவும் வேண்டாம். ஆயாக்கொட்டகையில் பாடியவர்கள் யாரும் சங்கீதம் கற்றவர்கள் அல்லர்.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அவருக்குத் தெரிந்த தாலாட்டை இந்த வாரமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அது எந்தப் பாடநூலிலும் இல்லாமற் போகலாம். அவரோடு மறைந்துவிட்டால் பிறகு யாரிடம் கேட்போம்?