நந்தின் ஈரறிவு: மரபியல் வகைப்பாடும் அதன் வரலாற்றுப் பொருளும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு வகைப்படுத்துகிறது. உடலால் உணர்வது முதல் அறிவு. அதன்மேல் நா, மூக்கு, கண், செவி, மனம் என்பன முறையே ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஓரறிவுக்குப் புல்லும் மரமும், ஈரறிவுக்கு நத்தை இனமாகிய நந்தும் சிப்பி இனமாகிய முரளும், மூவறிவுக்குச் சிதலும் எறும்பும், நான்கறிவுக்கு நண்டும் தும்பியும் எடுத்துக்காட்டுகளாகின்றன.

இவ்வகைப்பாட்டை இக்கால விலங்கியலின் முன்னோடியாகக் காட்டும் போக்கு தமிழாய்வில் உண்டு. நத்தையின் உடலமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. நிலநத்தைக்கு இரண்டு இணை உணர்கொம்புகள் உள்ளன. மேல் இணையின் நுனியில் கண்கள் அமைந்துள்ளன. மணத்தை உணர்வதிலும் அவ்விணைக்குப் பெரும்பங்கு உண்டு. கீழ் இணை தரையைத் தொட்டும் சுவைத்தும் அறிகிறது. டச்சு அறிஞர் யான் சுவாமர்டாம் 17ஆம் நூற்றாண்டிலேயே நத்தையை அறுத்தாய்ந்து அக்கண்ணை விளக்கினார்; அவ்வாய்வு அவர் மறைவுக்குப்பின் 1737-38இல் நூலாக வெளிவந்தது. சிதலில் வேலை செய்வனவற்றுள் பெரும்பாலானவை கண்ணற்றவை. ஆயின் எறும்புகளுள் பலவற்றுக்குக் கூட்டுக்கண் உண்டு. எனவே மூவறிவு என்னும் அளவுகோல் சிதலுக்குப் பொருந்தி, எறும்புக்குப் பொருந்தாது போகிறது.

வகைப்பாட்டின் பொருளை வேறிடத்தில் தேடவேண்டும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்னும் வரிசையில் புலன்களை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. சங்கும் சிப்பியும் சமண மரபில் இருபுலன் உயிர்களே. இவ்வொப்புமையைத் தொல்காப்பியர் சமணர் என்பதற்குச் சான்றாக எஸ். வையாபுரிப்பிள்ளை கொண்டார். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சமண நூல் புலன்களை ஐந்தோடு நிறுத்தி, மனத்தைப் புலனாக எண்ணுவதில்லை. மரபியலோ மனத்தை ஆறாம் அறிவாக்கி, மக்களை அதற்கு உரியராக்குகிறது. சொல்லதிகாரம் மக்களை உயர்திணையாகவும் பிறவற்றை அஃறிணையாகவும் பகுப்பதோடு இது இயைகிறது. மரபியல் தானும் இவ்வறிவுமுறையை நுட்பமாக உணர்ந்த முன்னோர் வகுத்ததாகவே கூறுகிறது. ஆகவே, பொதுவானதோர் இந்திய உயிர்க்கோட்பாடு தமிழ் இலக்கணத்தின் திணைப்பாகுபாட்டுக்கு ஏற்ப இங்கு வடிவம் பெற்றது எனக் கொள்வது தகும்.

இந்நோக்கில் நந்தின் ஈரறிவு, அறிவியல் வெற்றியும் அன்று, பிழையும் அன்று. புல் முதல் மக்கள்வரை உயிர்களை ஒரே தொடரில் நிறுத்த முயன்ற சிந்தனையின் இரண்டாம் படி அது.