கூண்டுக் கூளத்தின் கதை

கூண்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கம்பிகளே. அடியில் பரப்பப்படும் கூளத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் முயலும் வெள்ளெலியும் உறங்குவதும், கழிப்பதும், இரவு பகலாக மூச்சு விடுவதும் அதன்மேல்தான். அந்த எளிய பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மணல், வைக்கோல், மரத்தூள் என எது மலிவாகக் கிடைத்ததோ அதுவே நெடுங்காலம் கூளமாயிற்று. மர அறுவை ஆலைகள் மிகுந்த அமெரிக்காவில் பைன், செடார் மரச்சீவல்கள் பரவலாயின. கம்பளி உடைகளை அந்துப்பூச்சியிலிருந்து காக்கும் பெட்டிகள் செய்ய உதவிய மரம் செடார். அதன் நறுமணம் சிறுநீர் நாற்றத்தை மறைத்தது. வளர்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த மணம் விலங்கின் உடலில் என்ன செய்தது என்பதற்கான விடை மருந்தியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1967-இல் எலியட் வெசெல் என்ற ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். செடார், பைன் மரக் கூளத்தில் வைக்கப்பட்ட சுண்டெலிகளிலும் எலிகளிலும், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் செயல் கூடியிருந்தது. பீச், பிர்ச், மேப்பிள் ஆகிய கடின மரங்களின் கூளத்துக்கு மாற்றியதும் அது தணிந்தது. ஆய்வுக்கு ஆய்வு மருந்துச் சோதனை முடிவுகள் முரண்படுவதற்குக் கூளமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் வெசெல். எலியின் உடலோடு மனிதனின் அறிவும் அந்தத் தரையில்தான் நின்றிருந்தது.

மணமற்ற கூளம் மட்டும் போதாது என்பதும் விரைவில் தெளிவாயிற்று. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா எலிகளின் சுவாச நோயைக் கடுமையாக்குகிறது என்பதை 1976-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கூளம் தானும் நச்சாவி விடக்கூடாது. ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும்.

இவ்விரு தேவைகளுக்கும் ஓரளவு ஈடுகொடுத்த பொருள், கூண்டுக்கென்று பிறந்ததன்று. 1970-களின் எண்ணெய் நெருக்கடி மாற்று எரிபொருளைத் தேட வைத்தபோது, ஆலைக்கழிவான மரத்தூளை உலர்த்தி, அழுத்தி, குச்சித் தீவனம் போன்ற சிறு துண்டுகளாக்கும் தொழில் வளர்ந்தது. அழுத்தத்தின் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தூளைப் பிணைக்கிறது. உலர்த்தும் சூட்டில் ஆவியாகும் பொருள்களில் ஒரு பகுதி வெளியேறுகிறது. ஈரம் பட்டால் துண்டு உப்பி, மீண்டும் தூளாகிறது. நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எறியலாம். அடுப்புக்குப் போக வேண்டியது இவ்வாறு கூண்டுக்குள்ளும் நுழைந்தது.

இதிலும் குறைகள் இல்லாமலில்லை. மென்பாத விலங்குகளுக்கு இத்துண்டுகள் உறுத்தும். மேலே மெல்லிய படுக்கை வேண்டும். பறவை கொத்தி விழுங்காதிருக்க, கம்பித் தட்டுக்கு அடியில்தான் இவற்றைப் பரப்ப வேண்டும். எரிபொருளாக விற்கப்படுபவை எல்லாம் கூளத்துக்கு ஏற்றவையும் அல்ல.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980-களின் நடுப்பகுதி வரை, நச்சுக்காற்றை அறியக் கனேரிப் பறவைகளைக் கொண்டு சென்றனர். அங்கே பறவை சாய்ந்தால் மனிதர்கள் வெளியேறினர். வீட்டுக் கூண்டில் இருப்பதற்கோ வெளியேற வழியில்லை. நமக்கு மணப்பது அதற்கும் நலமா என்று கேட்க வேண்டியவர்கள் நாமே.